கைவிடப்பட்ட கல்குவாரிக்கு வேலி கோரும் மனு (மீண்டும்)

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
கொழும்பு மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

இறப்பர்த் தோட்டத்து மேல் லயன் வரிசை வீடுகளில் குடியிருக்கும் நாங்கள், முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறோம். தமிழில் இருந்ததால் கிடப்பில் போய்விட்டனவோ என்று இம்முறை சிங்களப் பிரதியும் இணைத்துள்ளோம். இடம் தாங்கள் அறியாததல்ல. வெள்ள நிவாரணத்துக்கு வந்தபோது தங்கள் வாகனம் குவாரி முடக்கில்தான் நின்றது.

1. குவாரி ஓடிய காலத்தில் எங்களுக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. வெடிக்கு முன் சிவப்புக் கொடி கட்டுவார்கள், சங்கு ஊதுவார்கள், பாதையை மறித்து ஆள் நிற்கும். கூரைத் தகரம் அதிரும், தொட்டில் பிள்ளை வீரிட்டு அழும். ஆனாலும் எப்போது ஒதுங்க வேண்டும் என்று தெரியும். என் தாயாரும் லயத்துப் பெண்களும் அங்கே சல்லி உடைத்தார்கள். அந்தச் சல்லி பெரிய வீதிக்குப் போனது. எங்கள் பாதைக்கு ஒரு கூடைகூட வரவில்லை.

2. பிறகு இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழி அப்படியே கிடக்கிறது.

3. பள்ளிக்கூடத்துக்கு இருக்கும் ஒரே பாதை அந்தக் குழியின் விளிம்புதான். மறுபக்கம் ஏற முடியாத பாறை. மே மாதம் தென்மேல் பருவ மழை பிடித்தால் விளிம்பு மண் கரைந்து கரைந்து விழுகிறது. கல்லைச் செங்குத்தாக வெட்டி எடுத்திருப்பதால், உள்ளே விழுந்தவர் பிடித்து ஏற ஒரு பிடிமானமும் இல்லை. தாய்மார் விடியுமுன்பே பால்வெட்டப் போய்விடுவதால் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆளில்லை. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையைப் பாறைப் பக்கமாக நடக்கவிட்டு, தான் குழிப் பக்கம் நடக்கிறது. வழுக்காமலிருக்க வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு போகிறார்கள். காற்றடித்தால் குடையை மடக்கிவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நனைந்தபடி வகுப்பில் இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும். போன மழையில் ஒரு பசு விழுந்தது. கயிறு போட்டும் எடுக்க முடியவில்லை. அடுத்தது என்னவென்று நாங்கள் எழுதித்தான் தங்களுக்குத் தெரிய வேண்டுமா ஐயா?

4. தோட்டத்தில் கேட்டால் அரச காணி என்கிறார்கள். அலுவலகத்தில் கேட்டால் தோட்டத்தைக் கேள் என்கிறார்கள். 1975இல் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. இரண்டு முறையும் எங்களை யாரும் கேட்கவில்லை. குழி யாருடையது என்று இவர்கள் தீர்க்கும்வரை பிள்ளைகள் வளராமல் காத்திருப்பார்களா?

5. வாசலில் ஒரு சிரட்டையில் தண்ணீர் நின்றால் டெங்கு என்று எங்கள் மேல் வழக்கு. இவ்வளவு பெரிய குழிக்கு யார் மேல் வழக்கு?

நாங்கள் கேட்பது வேலி மட்டுமே. கம்பியும் தூணும் சீமெந்தும் தாருங்கள். குழி தோண்டுவதையும் தூண் நடுவதையும் சிரமதானமாக நாங்களே செய்கிறோம். மழைக்கு முன் தாருங்கள் ஐயா, தயவுசெய்து மழைக்கு முன். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள். அந்தக் கடிதத்தோடு மாவட்டச் செயலகத்துக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
மேல் லயன் குடியிருப்பாளர்கள் சார்பில்,
ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர்

(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)