வெயில் செய்ய வேண்டிய வேலையைப் புகை செய்கிறது: மாசி வணிகர்களுக்கும் லட்சத்தீவு மீன்வளத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தூத்துக்குடியிலும் கொழும்பிலும் மாசி, அதாவது அவித்துப் புகையிட்டு உலர்த்திய சூரைக் கருவாடு, எடுக்கும் வணிகர்களுக்கும், லட்சத்தீவு மீன்வளத் துறையினருக்கும் வணக்கம்.

மாசிக்குப் புகையடுப்புத் திட்டம் என்று பேச்சு எழுந்தாலே முதலில் மேசைக்கு வருவது அடுப்பின் படம்தான். எஃகுப் பெட்டி, கதவு, வெப்பமானி. அடுப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் லட்சத்தீவின் மினிக்காயில் மீனை அடுக்கும் பரணுக்கு அடியில் எரியும் கதம்பையில் (தேங்காய் மட்டையில்) பெரும்பங்கு புகை போடுவதற்காக எரிவதில்லை, மீனிலுள்ள நீரை விரட்டத்தான் எரிகிறது. சூரை நன்றாகக் கிடைக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் அதே வேலைக்கு வெயில் காசில்லாமல் காய்கிறது.

கணக்கு இதுதான். 100 கிலோ சூரையில் தலை, குடல், முள், வயிற்றுச்சதை எல்லாம் போக, நான்கு துண்டமாகக் கீறினால் நிற்பது சுமார் 55 கிலோ. உப்புநீரில் ஒரு மணி நேரம் அவித்தால் 45-க்கு இறங்கும். கடைசியில் கிடைக்கும் மாசி 18 கிலோ, மிஞ்சினால் 20. இடையில் போன 25 கிலோவும் ஏறக்குறைய முழுக்க நீர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2.5 மெகாஜூல் வெப்பம் போல வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும். அப்படிப் பார்த்தால் நாலைந்து கிலோ விறகிலேயே காரியம் முடிய வேண்டும். ஆனால் நாலு பக்கமும் திறந்த பரணில் பத்தில் ஒரு பங்கு வெப்பம் மீனில் சேர்ந்தாலே பெரிது. அதனால்தான் நாற்பது, ஐம்பது கிலோ போகிறது. கதம்பை பச்சையாக இருந்தால் இன்னும் மோசம். உரித்த சூட்டில் அதன் எடையில் பாதிக்கு மேல் நீர் இருக்கும். முதலில் அது தன் நீரை விரட்டிக்கொள்ள வேண்டும், பிறகுதான் மீனின் நீரை.

புகை எப்போது மீனில் ஏறும் என்பதைப் பலர் தலைகீழாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். மேற்பரப்பு ஈரப்பசையோடு, விரல் வைத்தால் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கும்போதுதான் புகை பிடிக்கும். அண்டாவிலிருந்து எடுத்த துண்டத்தை நீர் சொட்டச் சொட்டப் பரணில் ஏற்றினால் கரி திட்டுத் திட்டாக ஒட்டி, வாய்க்குக் கசக்கும். எனவே இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் நீர் வடிய விட்டு, மேலே மெல்லிய பளபளப்பு வந்ததும் ஏற்ற வேண்டும். முதல் இரண்டு நாளில் ஏறுவதுதான் மணம், நிறம், ஈயை அண்டவிடாத காப்பு எல்லாம். தோல் கெட்டியான பிறகு போடும் புகை துண்டத்தின் மேல் கரியைப் பூசுகிறதே தவிர உள்ளே போவதில்லை. ஆக, மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் வரை எரிப்பதெல்லாம் வெறும் உலர்த்தல்தான், அதுவும் மிகச் செலவான உலர்த்தல்.

அவசரத்தில் முதல் நாளே தீயை ஓங்க விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வெளிப்பக்கம் ஓடு போல இறுகிவிடும், உள்ளே நீர் மாட்டிக்கொள்ளும். சரக்கு ஏற்றுகிற அன்று எல்லாம் சரியாகவே தெரியும். மூட்டை கட்டி மூன்று வாரம் கழித்து உடைத்தால் நடுவில் வெண்பூஞ்சை, சில நேரம் வண்டு. நன்றாகக் காய்ந்த மாசியை இரண்டு துண்டு எடுத்துத் தட்டினால் கட்டையில் கட்டை மோதும் ஓசை கேட்கும். உடைத்த முகம் கண்ணாடி போலக் கருஞ்சிவப்பாக இருக்கும். நடுவில் மங்கலான, மாவு போன்ற வளையம் தெரிந்தால் அது உள்ளே காயாதது.

புகையில் வரும் பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சோபைரீன் அந்தக் குடும்பத்தில் ஒன்று. தீ ஓங்க ஓங்க, கொழுப்பு தணலில் சொட்டச் சொட்ட, புகை நேரம் நீள நீள இவை கூடும். புகையிட்ட மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த வரம்பு பென்சோபைரீனுக்குக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், நான்கு சேர்மங்களின் கூட்டுக்கு 12. மாசிக்கு இது கடினமான வரம்பு, ஏனென்றால் அவித்த 45 கிலோ மீன் 18, 20 கிலோவாகச் சுருங்கும்போது படிந்ததும் அதே வீதத்தில் அடர்கிறது. ஜப்பானின் கட்சுவோபுஷியும் இதே சூரையை அவித்துப் புகையிட்டு உலர்த்துவதுதான். அதற்கு 2015-இல் 5, 30 என்று தனி வரம்பு கிடைத்தது. நல்ல முறையில் புகையிட்டாலும் பழைய வரம்புக்குள் இறங்க முடியவில்லை என்பதை எடுத்துக்காட்டித்தான் அதைப் பெற்றார்கள். மாசிக்கும் யாரேனும் அப்படிப் பேச வேண்டுமானால், முதலில் கையில் அளவீடு வேண்டும். துறையினர் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது இரண்டு நாள் புகையிட்டு வெயிலில் முடித்ததையும், கடைசிவரை பரணிலேயே இருந்ததையும் தனித்தனியாக அனுப்பிப் பாருங்கள்.

கானாவின் அக்ராவில் ஒரு மீனவக் குடியிருப்பின் பெயரைப் பெற்ற சோர்க்கோர் அடுப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. தட்டின் மேல் தட்டு பத்துப் பதினைந்து அடுக்க, தட்டுகளின் சட்டமே சுவராகிவிடும். விறகு நன்றாகவே மிச்சமானது. ஆனால் கொழுப்பு தணலில் சொட்டுவது நிற்கவில்லை. பிறகு செனகலின் தியாரோயே பயிற்சி நிலையமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து செய்த அடுப்பில் கொழுப்பைப் பிடிக்க ஒரு தட்டும், புகையைத் தனியே உண்டாக்க ஒரு பெட்டியும் வந்தன. இங்கே அடுப்பு கட்டுவதானால் இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். தணலுக்கும் முதல் தட்டுக்கும் இடையே ஒரு மீட்டராவது இருக்கட்டும்.

துறையினரிடம் கேட்பது மூன்று. முதலாவது, கதம்பைக்கு ஒரு கொட்டகை. மேலே ஓலையோ தகரமோ, பக்கவாட்டில் காற்று, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மரச்சட்டம். கதம்பை காய்ந்ததா என்று பார்க்கப் பத்துத் துண்டை நிறுத்து, மூன்று நாள் வெயிலில் போட்டு, மறுபடி நிறுத்தால் போதும். எடை இறங்கினால் இன்னும் காயவில்லை. பழைய படகுப் பலகையையும் பிளாஸ்டிக்கையும் தீ மூட்டக்கூடத் தொடக்கூடாது. பலகையில் உள்ள பெயின்ட் நேராக மீனுக்குத்தான் வரும். மணலைப் பிடித்துநிற்கும் கரையோரப் புதரை விறகுக்கு வெட்டுவதும் இத்தோடு நிற்கட்டும்.

இரண்டாவது, அவிக்கிற அடுப்பு. பெண்கள் அதிகப் புகையைக் குடிப்பது பரணடியில் மட்டுமல்ல, அண்டா முன்னால் குனிந்து நிற்கும்போதும்தான். 60 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க 18 மெகாஜூல் வேண்டும். மூன்று கல் அடுப்பு பத்துப் பதினைந்து விழுக்காட்டைத்தான் பாத்திரத்துக்குத் தரும். அண்டாவைச் சுற்றி மூன்று விரல் இடைவெளி விட்டு மண்ணோ செங்கலோ கட்டி, அடியில் கம்பித்தட்டும் பின்னால் புகைபோக்கியும் வைத்தால் விறகு பாதியாகும். ஒரே நீரில் அடுத்தடுத்து அவிப்பது பழைய வழக்கம், அதை மாற்ற வேண்டாம். வெப்பமும் மிச்சம், கடைசியில் அந்த நீரைக் காய்ச்சினால் ரிஹாக்குரு என்ற கெட்டியான மீன்விழுதும் கிடைக்கிறது. (அவித்துவிட்டோம் என்று ஹிஸ்டமினை, அதாவது கெடும் மீனில் உண்டாகும் நச்சை, மறந்துவிடக்கூடாது. படகில் ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையில் அது ஒருமுறை உண்டானால் கொதிநீரும் போக்காது, புகையும் போக்காது.)

மூன்றாவது, வெயில் கூடாரம். குழாய்ச் சட்டம், புற ஊதாக் கதிர் தாங்கும் 200 மைக்ரான் தாள், கறுப்புத் தரை, இடுப்பளவு உயரத்தில் வலைத்தட்டு. காற்று கீழே நுழைந்து மேலே வெளியேற இரு முனையிலும் வலை போட்ட திறப்பு. உள்ளே 50, 55 பாகை வரை சூடேறும். மேல் திறப்பை அடைத்தால் தாளில் நீர் முத்து முத்தாகப் படிந்து மீன்மேலேயே சொட்டும். அப்படி ஒருமுறை ஆனதும் கூடாரத்தையே ஒதுக்கிவிடுவார்கள், ஆகவே திறப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த பிறகே தாளைக் கொடுங்கள். மழை நாளிலும் இரவிலும் சிரட்டைக்கரித் தணல் போதும், புகை வராது.

வணிகர்களே, இனி உங்களிடம். இதெல்லாம் சரியாக நடந்தாலும் நீங்கள் எடையை மட்டும் பார்த்து விலை போடும்வரை யாரும் மாசியை முழுக்கக் காயவிட மாட்டார்கள். 25 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ மாசியை 15 விழுக்காட்டுக்கு இறக்கினால் அது 88 கிலோவாகிறது. ஒரே விலை என்றால் 12 கிலோவுக்கான பணத்தை உலர்த்தியவர் இழக்கிறார், உலர்த்திய உழைப்பும் கூடவே போகிறது. பிறகு உங்கள் கிடங்கில் பூஞ்சை பிடிக்கிறது, அதற்கும் சேர்த்து அடுத்த முறை விலையைக் குறைக்கிறீர்கள். காய்ந்த சரக்குக்கு எட்டில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் எடையில் போனது ஏறக்குறைய ஈடாகிவிடும், இன்னும் கொஞ்சம் சேர்த்தால் உழைப்புக்கும் கூலி. மூட்டைக்கு மூன்று துண்டை உடைத்து நடுவைப் பாருங்கள். ஈரமானியும் வாங்கலாம், ஆனால் பெரும்பாலானவை மரத்துக்கும் தானியத்துக்கும் செய்தவை. உங்கள் சரக்கிலேயே ஐந்து துண்டை இடித்து, 105 பாகை அடுப்பில் எடை நிற்கும்வரை உலர்த்தி, அந்தக் கணக்கோடு கருவியின் எண்ணை ஒப்பிட்டுவிட்டு விலை பேசுங்கள்.

இப்படிக்கு,
மாசி போடும் முறையை அறிந்த சிலர்