கூ அடித்ததும் கைதட்டியதும்

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். உன்ர சுகத்தையும் போனில் "ஓம், இருக்கிறன்" என்று முடித்துவிடாமல் ஒருநாளைக்கு ஆறுதலாகச் சொல்லு.

எங்கட ரொறன்ரோ ராப்ரர்ஸ் கூடைப்பந்து அணியின் பழைய வீரன் வின்ஸ் கார்ட்டரின் 15ஆம் இலக்கத்தை, இனி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று மரியாதையாக அரங்கின் கூரைக்குத் தூக்கிய அன்றிரவு நீ கேட்டாய், "அம்மா, அந்தாளை வருஷக்கணக்காகத் திட்டினது நீங்கள்தானே, இப்ப என்ன கண்ணைத் துடைக்கிறீங்கள்?" என்று. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ராப்ரர்ஸின் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் அதற்குப் பதில் வரும். நீ வடிவாகப் பார்த்தது அணி கிண்ணம் வென்ற 2019ஐத்தான். முந்தினதெல்லாம் உனக்கு அரைகுறை.

ஊரில் பள்ளிக்கூடக் காலத்தில் நான் வலைப்பந்து விளையாடினவள். வலைப்பந்தில் பந்தோடு ஓடக்கூடாது, நிலத்தில் தட்டித் தட்டிக்கொண்டு போகவும் கூடாது, வளையத்துக்குப் பின்னால் பலகையும் கிடையாது. இங்கே ரிவியில் முதன்முதல் கூடைப்பந்தைப் பார்த்தபோது, எல்லாரும் பிழை விடுகிறார்கள், நடுவர் ஏன் விசில் ஊதவில்லை என்றுதான் யோசித்தேன். பிறகுதான் தெரிந்தது, இதிலிருந்துதான் எங்கட வலைப்பந்தே வந்தது என்று. இதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஒன்ராறியோவில், அல்மொன்ரே என்ற இடத்தில் பிறந்தவர். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் உள்ளுக்குள் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காகப் பழக்கூடை இரண்டை மேல்மாடத்தின் விளிம்பில் அடித்துத் தொடங்கினாராம்.

வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. தன் முதல் ஆட்டமாகக் கணக்கு வைத்திருப்பதும் ரொறன்ரோவில் நடந்ததைத்தான். 1946 நவம்பர் 1, மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் ரொறன்ரோ ஹஸ்கீஸ் நியூயோர்க்கிடம் 68க்கு 66 என்று தோற்றது. கூட்டம் சேர்க்க ஒரு விளம்பரம் செய்திருந்தார்கள்: ஹஸ்கீஸின் ஆக உயரமான வீரர் ஜோர்ஜ் நோஸ்ட்ராண்டை விட உயரமாக யாராவது வந்தால் ரிக்கற் இலவசம். அவர் ஆறடி எட்டங்குலம். எங்கட யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், இலங்கை வலைப்பந்து அணியின் ஆறடி பத்தங்குலப் பிள்ளை, அப்போது இருந்திருந்தால் காசில்லாமல் உள்ளே போயிருப்பாள். ஹஸ்கீஸ் ஒரே பருவத்தோடு மூடுவிழாக் கண்டது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ ஐம்பது வருஷம் இந்த ஊருக்கு என்.பி.ஏ. அணி இல்லை. 1993இல் ஜோன் பிற்றோவின் குழுவுக்கு அனுமதி கிடைத்தது. கட்டணம் 125 மில்லியன் அமெரிக்க டொலர். டைனோசர் படம் வந்து உலகமே பித்துப் பிடித்திருந்த நேரம், அதனால்தான் ராப்ரர்ஸ் என்று ஒரு டைனோசரின் பெயர். நெஞ்சில் சிவப்பு டைனோசர் போட்ட அந்த ஊதாச் சட்டையைப் பார்த்து உன்ர அப்பா, "இது விளையாட்டு ரீமா, பிறந்தநாள் கேக்கா?" என்றார். அவருக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் விளையாட்டில்லை, விடு.

1995இல் வீரர் தெரிவு, அதாவது அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கிற நிகழ்ச்சி, ரொறன்ரோ ஸ்கைடோம் அரங்கில், எங்கட சனத்துக்கு முன்னாலேயே நடந்தது. சனம் எட் ஓபானன் வேண்டுமென்று கத்திக்கொண்டிருக்க, அணி டேமன் ஸ்டூடமையர் என்ற ஐந்தடி பத்தங்குலப் பெடியனை எடுத்தது. அரங்கம் முழுக்கக் கூ அடித்தது. அடுத்த வருஷம் என்.பி.ஏ.யின் சிறந்த புதுமுகம் என்ற விருது அந்தப் பெடியனுக்குத்தான். இந்த ஊரின் கூவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அன்றைக்கே கணக்குப் பார்த்திருக்கலாம். முதல் பருவத்தில் 21 வெற்றி, 61 தோல்வி. ஆனால் அந்த 21இல் ஒன்று, அந்த வருஷம் 72 ஆட்டம் வென்ற மைக்கல் ஜோர்டனின் சிக்காகோவுக்கு எதிரானது, 109க்கு 108. அந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டே வருஷக்கணக்காக வாழ்ந்தோம்.

அதே 1995இல்தான் நீ இப்போது இருக்கிற வன்கூவருக்கும் கிரிஸ்லீஸ் என்ற அணி வந்தது. பாவம், 1999இல் ஸ்டீவ் பிரான்சிஸ் என்பவரைத் தெரிவுசெய்ய, அவர் அங்கே வரவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று ஹியூஸ்டனுக்குப் போய்விட்டார். கனடா டொலர் விழுந்து கிடந்த காலம், வீரருக்குச் சம்பளமோ அமெரிக்க டொலரில். 2001இல் அணியையே மெம்ஃபிஸுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உன்ர வேலைத்தலத்தில் வயதான யாராவது இருந்தால் பிரான்சிஸின் பெயரைச் சொல்லிப் பார். சோறு போடுவார்களோ அடி போடுவார்களோ தெரியாது.

இப்போது கார்ட்டர். 1998இல் வந்தான். 2000ஆம் ஆண்டு ஓக்லண்டில் நடந்த, எம்பிப் பாய்ந்து பந்தை வளையத்துக்குள் அடிக்கிற டங்க் போட்டியில் முழங்கை வரை வளையத்துக்குள் விட்டுத் தொங்கினானே, அதை நீ யூரியூப்பில் நூறு தரம் பார்த்திருப்பாய். அன்றைக்குத்தான் அமெரிக்கர்கள் ரொறன்ரோ எங்கே இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்தார்கள். ஸ்காபரோவில் பனி வழித்த வாகனத் தரிப்பிடங்களில் சின்னப் பெடியள் எல்லாம் வளையத்தைத் தொட எம்பினதும் அந்த வருஷத்துக்குப் பிறகுதான். 2013இலும் 2014இலும் என்.பி.ஏ.யின் முதல் தெரிவாகப் போன அந்தனி பெனற், அன்ட்ரூ விக்கின்ஸ் இருவரும் இந்த ரொறன்ரோப் பக்கத்தில் கார்ட்டரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்.

2001இல் பிலடெல்பியாவோடு ஏழாவது ஆட்டம். நாலு ஆட்டத்தை முதலில் வெல்லுகிற அணி மேலே போகும், ஏழாவதுதான் கடைசி. அன்று காலை நோர்த் கரோலைனாவில் தன் பட்டமளிப்புக்குப் போய்விட்டு, விமானத்தில் பறந்து வந்து விளையாடினான். கடைசி எறி அவனுடைய கையில், தவறிவிட்டது. 88க்கு 87. பட்டமளிப்புக்கு ஏன் போனான் என்று ஊரே திட்டியது. நான் திட்டவில்லை. படிப்பை முடித்த பிள்ளையைப் பட்டம் வாங்கப் போகாதே என்று சொல்ல எந்தத் தமிழ்த் தாய்க்கு வாய் வரும்?

நான் திட்டியது வேறொன்றுக்கு. 2004இல் தன்னை வேறெங்காவது அனுப்பச் சொல்லிக் கேட்டான். கேட்டதும் பரவாயில்லை. ஆனால் கேட்ட பிறகு இங்கே ஏனோதானோ என்று விளையாடினான். டிசெம்பரில் நியூஜேர்சிக்குப் போனதும் திடீரென்று பழைய கார்ட்டர் திரும்பி வந்துவிட்டான். முன்பெல்லாம் முழு மூச்சாக விளையாடவில்லை என்று ரிவிப் பேட்டியில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். அவனுக்குப் பதிலாக வந்த முக்கியமான வீரர் அலோன்சோ மோர்னிங் ரொறன்ரோவுக்கு வரவே மறுத்து, ஒரு ஆட்டமும் ஆடாமல் காசை வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் கூ அடிக்காமல் தேவாரமா பாடுவது? பத்து வருஷம் அடித்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அது சரி என்றுதான் சொல்லுவேன். போனதுக்கு இல்லை, போகமுன்னரே போனவன் மாதிரி இருந்ததுக்கு.

2014 நவம்பரில் மெம்ஃபிஸ் சட்டையோடு வந்தான். ஓம், உன்ர வன்கூவரிலிருந்து போன அதே அணி. பழைய படங்களைத் திரையில் போட்டார்கள். அரங்கம் எழுந்து நிற்க அவன் அழுதான். மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கென்னவோ அப்போது நாங்கள் வெல்லத் தொடங்கியிருந்ததும் ஒரு காரணம் என்றுதான் படுகிறது. தோற்கிற வீட்டில் பழசை மறப்பது கஷ்டம்.

அந்த வெற்றிக்குக் காரணமானவர்களில் ஒருவன் டிமார் டிரோசன். 2009இல் வந்தவன். அடுத்த வருஷம் அணியின் நட்சத்திரம் கிறிஸ் பொஷ் மயாமிக்குப் போக, கவலைப்படாதீர்கள், நான் இருக்கிறேன் என்ற மாதிரி எழுதினான். ட்ரேசி மக்கிறேடி, கார்ட்டர், பொஷ் என்று நல்லவர்கள் எல்லாரும் கதவைத் திறந்துகொண்டு போன வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று சொன்னவன் இவன்தான். 2016இல் ஒப்பந்தம் முடிந்தபோது வேறொரு அணியையும் சந்திக்காமல் இங்கேயே கையெழுத்துப் போட்டான். 2018இல் தன் மன அழுத்தத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினான். எங்கட சனம் இன்னும் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு பேசுகிற விஷயம் அது.

2017-18 பருவத்தில் 59 வெற்றி. பிறகு லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லண்டிடம் நாலுக்குப் பூச்சியம். பயிற்சியாளர் டுவேன் கேசியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு அவருக்கு அந்த வருஷத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது. ஜூலையில் அணியின் அப்போதைய தலைவர் மசாய் உஜிரி டிரோசனை சான் அன்ரோனியோவுக்குக் கொடுத்துவிட்டு கவாய் லெனர்டை எடுத்தார். உன்னை அனுப்பமாட்டோம் என்று தனக்குச் சொன்னதாக டிரோசன் சொன்னான். விளங்கிக்கொண்டதில் இடைவெளி வந்ததற்கு மன்னிப்புக் கேட்பதாக உஜிரி சொன்னார். கணக்காகப் பார்த்தால் உஜிரி செய்தது சரி. எனக்கு அந்தக் கணக்கு இன்றைக்கும் நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

மிச்சம் நீ பார்த்தது. 2019 மே 12, மறுபடியும் பிலடெல்பியா, மறுபடியும் ஏழாவது ஆட்டம், மறுபடியும் கடைசி எறி. வளையத்தில் நாலு தரம் குதித்துவிட்டு உள்ளே விழுந்தது, 92க்கு 90. மில்வோக்கியிடம் முதல் இரண்டையும் தோற்று அடுத்த நாலையும் வென்றார்கள். ஜூன் 13 ஓக்லண்டில் இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட்டை 114க்கு 110 என்று முடித்துக் கிண்ணத்தை வென்றார்கள். இடியப்பப் பார்சலுக்கு நின்ற கிழவர்கள் கூட ஸ்கோர் கேட்ட மாதம் அது. கமரூனிலிருந்து வந்த சியாகம், எந்த அணியும் தெரிவுசெய்யாமல் விட்ட வான்வ்லீற், கைல் லௌரி என்று எல்லாரும் சேர்ந்து வென்றதுதான். ஆனாலும் கவாய் இல்லாமல் நடந்திருக்காது. அந்த மனுஷன் ஒரு வருஷத்துக்கு வந்தார், நிரந்தரமாக இருப்பேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை, தன் ஊர்ப்பக்கமாக லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டார். டிசெம்பரில் கிண்ணம் வென்றதற்கான மோதிரம் வாங்க வந்தபோது ஊர் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன்.

இனி உன்ர கேள்விக்கு வாறேன். 2024 நவம்பர் 2, கார்ட்டரின் இலக்கத்தை ஏற்றிய அன்று எதிரணி எது? சக்ரமென்ரோ. அதில் ஆடிக்கொண்டிருந்தது யார்? டிரோசன். இந்த அணி முதன்முதலாக ஓய்வு கொடுத்த இலக்கம், போகக் கேட்டவனுடையது. போகமாட்டேன் என்றவன் வேறு சட்டையோடு அதே தளத்தில் நின்றான். நான் கண்ணைத் துடைத்தது கார்ட்டருக்காக இல்லை, ராசா. கார்ட்டருக்கு அந்த மரியாதை பொருந்தும், இந்த நாட்டுப் பிள்ளைகளின் கையில் பந்தைக் கொடுத்தவன். ஆனால் டிரோசனின் 10ஆம் இலக்கத்தையும் கெதியாக மேலே ஏற்றவேணும்.

நீ ஏன் ஒவ்வொரு தரமும் வன்கூவரைப் பற்றிக் கதைக்கும்போது குரலைத் தாழ்த்துகிறாய் என்றும் விளங்கவில்லை. வேலை கிடைத்தது, போனாய். போகும்வரைக்கும் இந்த வீட்டில் முழுசாக இருந்தாய். உன்னை யாரும் கூ அடிக்கவில்லை.

இங்கே ஆட்டம் ஏழரைக்கு என்றால் உனக்குப் பின்னேரம் நாலரை, வேலை முடிந்திருக்காது. நீ பிறகு பதிவில் பார்த்து முடிக்கும்வரை நான் ஸ்கோர் சொல்லமாட்டேன். அப்பாதான் முந்திக்கொண்டு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார், அவர் அனுப்புகிறதைத் திறக்காதே. கருவாடும் மிளகாய்த்தூளும் இந்தக் கிழமை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா