மழைக்கு எந்தக் கவுன்டரில் பணம் கட்டுவது?

குடிநீர் வாரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு இணைப்பு ஏன் துண்டிக்கப்பட்டது என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கும். நான்கு பில் பாக்கி. இல்லையென்று வாதாட வரவில்லை. தவணை கேட்டு மூன்று மனு கொடுத்தேன். முழுத் தொகையும் கட்டினால்தான் இணைப்பு என்று மூன்றுக்கும் ஒரே பதில். நாலாவதை எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்: பாக்கியைத் தவணையில் வாங்கிக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

குடிக்க எப்படியோ கிடைத்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் தருகிறார்கள். கழிப்பறைக்குத்தான் வழியில்லை. ஒரு தடவை போய்வந்தால் அரை வாளியாவது ஊற்ற வேண்டும். என் அம்மாவுக்கு வயது 76. அந்த அரை வாளியை மிச்சம் பிடிக்க அவர் கண்டுபிடித்த வழி, மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. கேட்டால் "தாகமே எடுக்கலடா" என்பார். உதடு வெடித்திருக்கும். போன வாரம் சிறுநீர்த் தொற்று. மாத்திரை எழுதிய மருத்துவர், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரியே மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் கூரை 40 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் பெய்தால் 400 லிட்டர், சிந்தியது சிதறியது போனாலும் 200 லிட்டர் டிரம் நிரம்பிவிடும். நிரம்பியது. மறுநாளே உங்கள் ஊழியர் வந்து, அனுமதியில்லாமல் மழைநீர் சேமிப்பது விதிமீறல் என்று நோட்டீஸ் கொடுத்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், சொன்னதைச் செய்கிறவர். மேகத்துக்கும் மீட்டர் பொருத்தும் யோசனை இருந்தால் மட்டும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

ஆற்றுத் தண்ணீரில் ஏற்கெனவே உரிமை பெற்றவர்களுக்குப் போய்ச்சேரவேண்டிய மழை என்று சொல்லி அமெரிக்காவின் கொலராடோவிலும் பெரும்பாலான வீடுகளில் மழை பிடிக்க விடாமல்தான் வைத்திருந்தார்கள். அவர்களே 2016இல் இறங்கிவந்து, தோட்டத்துக்காக வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் சுமார் 416 லிட்டர் வரை பிடிக்கலாம் என்றார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999ஆம் ஆண்டுச் சட்டம், பாக்கிக்காக வீட்டுக் குழாயை அடைப்பதைத் தடைசெய்தது. வரத்தைக் குறைத்துச் சொட்டவிடுவதற்கும் அனுமதியில்லை. அதற்காகப் பாக்கி தள்ளுபடியாகிவிடவில்லை. வசூலிக்க நீதிமன்றம் இருக்கிறது. குடிநீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010இல் தீர்மானம் போட்டது. உங்கள் அலுவலகத்துக்கு அந்தத் தபால் இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

எங்கள் தெருமுனையில் உங்கள் குழாய் உடைந்து இரண்டு மாதமாகத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. அது யார் பெயரில் பில்லாகிறது? சாக்கடையிடம் பாக்கி கேட்டீர்களா? அதன் இணைப்பை எப்போது துண்டிப்பீர்கள்?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்தது ஒன்றுதான். பாக்கியைத் தவணையில் வாங்கிக்கொண்டு, தயவுசெய்து தண்ணீரைத் திறந்துவிடுங்கள். அதுவரை அந்த டிரம்மையாவது விட்டுவையுங்கள். முதல் தவணைப் பணம் கையில் இருக்கிறது. எந்த நாளில், எந்தக் கவுன்டரில் கட்டவேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும், வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
துண்டிக்கப்பட்ட இணைப்பின் உரிமையாளர்