கட்டையில் கட்டுங்கள், மணலில் புதைக்காதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் நாலைந்து பேர் ஒரே புகாரோடு எங்கள் காட்பாடி வளர்ப்பு மீன் கடைக்கு வந்தீர்கள்: "உங்ககிட்ட வாங்கின அனுபியாஸ் அழுகிப்போச்சு." அனுபியாஸ் என்பது மீன் தொட்டிக்குள் வளர்க்கும் செடி. செல்போனில் காட்டிய படங்களிலும் ஒரே காட்சிதான். செடியின் தண்டு மணலுக்குள். விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் விட்டுப்போனது எங்கள் தவறு.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் இஞ்சித் துண்டு மாதிரி படுத்த வாக்கில் ஒரு தண்டு இருக்கும். இலையும் வேரும் அதிலிருந்துதான் கிளம்பும். அதைப் புதைத்தால் அழுகும். தொட்டியில் அழகுக்கு வைக்கும் மரக்கட்டையின் கவட்டில் உட்காரவைத்து, கறுப்புப் பருத்தி நூலால் நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு நசுங்கிவிடும், பார்த்து. ஓரிரு மாதத்தில் வேர் கட்டையைப் பிடித்துக்கொள்ளும், நூலும் மெல்ல இற்றுப்போகும்.

கட்டையை வாங்கிய அன்றே தொட்டியில் போடாதீர்கள். பக்கெட்டில் மூழ்கவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று வாரம் ஊறவிடுங்கள். தண்ணீர் டீ நிறமாகும். அது மரத்திலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், மீனுக்குக் கெடுதல் இல்லை. தொட்டியில் போட்டபின் மேலே வெள்ளையாகச் சளி மாதிரி படர்ந்தாலும் பயம் வேண்டாம், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். ஊறாத கட்டை மிதக்கும். எங்கள் கடைத் தொட்டியிலேயே ஒருநாள் ராத்திரி கட்டை மேலே கிளம்பி, நட்டிருந்த செடியெல்லாம் வேரோடு வந்துவிட்டது. அப்போதிருந்து அடியில் ஒரு கருங்கல் பலகையைச் சேர்த்துக் கட்டித்தான் இறக்குகிறோம்.

பாலாற்றில் சும்மா கிடக்கிறதே என்று கட்டை பொறுக்கி வருகிறவர்களும் உண்டு. வேண்டாமே. தோல் பதனிடும் கழிவு இந்த ஆற்றில் கலந்ததற்கு உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 1996-இல் தீர்ப்பே வந்திருக்கிறது. எதை உறிஞ்சிய கட்டை என்று யார் கண்டது? ஈரம் காயாத பச்சை மரமும் ஆகாது; உள்ளே கிடந்து அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

சரி, எப்படி அடுக்குவது? இரண்டடித் தொட்டி என்றால் கட்டையை நட்டநடுவில் நிறுத்தாமல் ஒரு பக்கம் தள்ளி, கிளை எதிர்மூலையைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்கள். கண்ணாடிக்கும் கட்டைக்கும் நடுவே நாலு விரல் இடம் விடுங்கள். பாசி துடைக்கக் கை போக வேண்டாமா? அனுபியாஸ் மெதுவாக வளர்வதால் வெளிச்சம் நேரே பட்டால் இலையில் பாசி பிடிக்கும். அது கட்டையின் நிழலில் இருக்கட்டும். பின்வரிசைக்கு நெட்டையான வாலிஸ்நேரியா, கட்டையின் அடியில் கிரிப்டோகோரைன். இவை இரண்டும் மணலில் நடுபவை. கிரிப்டோவை நட்ட சில நாளில் இலையெல்லாம் கரைந்து போகலாம். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் உயிரோடு இருந்தால் சில வாரத்தில் புது இலை விடும்.

இந்தச் செடிகளுக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை. சாதாரண எல்இடி, ஒரு நாளைக்கு 6 அல்லது 7 மணி நேரம் போதும். அப்புறம் நம்ம ஊர் அக்னி நட்சத்திரம்: அந்த நாட்களில் மூடியைத் திறந்துவைத்து, தண்ணீரின் மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடவிடுங்கள்.

கறுப்பு நூல்கண்டு கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். செடி வாங்கும்போது கேளுங்கள், வேண்டிய அளவு வெட்டித் தருகிறோம். அதற்குக் காசு இல்லை.

இப்படிக்கு,
காட்பாடி மீன் கடையிலிருந்து