ஐஸ்கிரீம் பெட்டியில் பேய்களுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழையில், பழைய பேய்ப்பட டிஸ்க், கேசட், போட்டோ எல்லாம் விற்கிற எங்கள் சேலம் கடையின் குடோனுக்குள் தண்ணீர் புகுந்தது உங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கே தெரியும். மீதிப் பேர் "பணம் கட்டி இவ்வளவு நாளாச்சு, டிஸ்க் எங்கேங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். இப்போது அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மாடி அறையில் கடை மறுபடி நடக்கிறது. கை கொடுத்தவர்களிடம் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன். இருந்தாலும் யார் என்ன செய்தார்கள் என்பது வாங்குகிற உங்களுக்கும் தெரிய வேண்டும். அடுத்து என்னிடம் வாங்கப்போகிற படத்தின் அட்டை சுருக்கம் இல்லாமல் இருந்தால் அந்தப் பெருமை எனக்குரியது இல்லை. பலரும் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

திருமணிமுத்தாற்றுக்குப் பக்கத்துத் தெருவில் கீழ்த்தளத்தில் குடோன். முழங்கால் அளவு தண்ணீர். டிவிடியும் புளூரேயும் தண்ணீருக்குப் பயப்படாது. கழுவித் துடைத்தால் ஓடும். பிரச்சினை காகிதம்தான். சேகரிப்பவருக்கு அட்டைப்படம் இல்லாத டிஸ்க் பாதி விலை கூடப் பெறாது. அதுவும் அந்த அட்டைகள் பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அச்சடித்தவை. அதன் மேலே பூசியிருக்கும் மெல்லிய களிமண் பூச்சு நனைந்தால் பசையாகிவிடும். அடுக்கிவைத்தபடியே காய்ந்தால் நூறு அட்டையும் ஒரே கட்டியாகிவிடும், பிரிக்க முடியாது.

அன்று இரவு கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டார். கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறவர். "எதையும் காயப் போடாதீங்க. கொத்தாகப் பாலித்தீன் பையில் போட்டு உறைய வைங்க. அப்புறம் நிதானமா பிரிச்சுக்கலாம்" என்றார். நனைந்த புத்தகங்களுக்கு நூலகங்களில் செய்கிற வைத்தியமாம். சரி, அவ்வளவு பெரிய ஃப்ரீசருக்கு எங்கே போவது?

நாலு ரோட்டுப் பக்கம் ஐஸ்கிரீம் ஏஜென்சி வைத்திருக்கும் அண்ணன்தான் வழி காட்டினார். மழைக்காலத்தில் அவருடைய பெட்டிகளில் பாதி காலி. "கொண்டுவாங்க தம்பி" என்றார், வாடகை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இந்திப் பேய்ப்படங்கள் எடுத்த ராம்சே சகோதரர்களின் பேய்கள், இத்தாலியக் கொலைகாரர்கள், எண்பதுகளின் பிளேடு நகக்காரன் எல்லோரும் சில வாரம் குல்ஃபிக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். கப் ஐஸ் எடுக்கப்போன கடைப்பையன் ஒரு நாள் அலறிய கதையை அண்ணன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். அந்தத் தம்பிக்கும் நன்றி, அதோடு ஒரு மன்னிப்பும்.

பிரிக்கும் வேலை செவ்வாய்ப்பேட்டை அக்காமார்களுடையது. வெள்ளிக் கொலுசுக்கு அட்டைப்பெட்டி செய்கிறவர்கள். நாலு பேர் மத்தியான நேரங்களில் வந்து, தாம்பாளத்தில் நல்ல தண்ணீர் விட்டு, உறைந்த கட்டியை அதில் மிதக்கவிட்டு, ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக உரித்தார்கள். எனக்கு மூன்றாவது அட்டையிலேயே கிழிந்தது. அவர்களுக்குக் கிழியவே இல்லை. 1984-ல் வந்த ராம்சே பேய்ப்படம் 'புரானா மந்திர்' அட்டையைப் பார்த்து ஓர் அக்கா, "இவன் மூஞ்சிக்கு இவ்வளவு தண்ணி வேற காட்டணுமா?" என்று கேட்டார். கூலி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பொறுமைக்குக் கூலி எதுவென்று எனக்குத் தெரியவில்லை. இப்போது வெளியூருக்கு நான் அனுப்பும் பார்சல் பெட்டியும் அவர்கள் கைவேலைதான். கொலுசுப் பெட்டி அளவிலிருந்து டிவிடி அளவுக்கு அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள்.

விஎச்எஸ் என்கிற பழைய வீடியோ கேசட்டுகளை உறைய வைக்கக் கூடாது. அவை மெக்கானிக் அண்ணனிடம் போயின. இந்த ஊரில் அதை ஓட்டுகிற விசிஆர் மெஷினை ரிப்பேர் செய்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இருக்கிறார், அம்மாப்பேட்டையில். கேசட்டின் அடியில் இருக்கும் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சுருளை வெளியே எடுத்து, பேட்டரிக் கடையில் வாங்கின டிஸ்டில்டு வாட்டரில் அலசினார். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது, காய்ந்தால் டேப்பில் படிந்துவிடும் என்பது அவர் கணக்கு. வெயிலில் வைக்கவில்லை, ஃபேன் காற்றில்தான் உலர்த்தினார். அப்புறம் வேறொரு நல்ல கேசட் கூட்டில் மாட்டினார். பூஞ்சை பிடித்த டேப்பை நல்ல மெஷினில் போட்டால் டேப்பைப் படிக்கிற ஹெட் போய்விடும், அடுத்து போடுகிற டேப்புக்கும் பூஞ்சை ஒட்டும். அதற்கென்றே ஒரு பழைய விசிஆரைப் பலிகடாவாக வைத்திருக்கிறார். ஒவ்வொரு டேப்பும் முதலில் அதில் ஓடித் தேறினால்தான் நல்ல மெஷினுக்குப் பதவி உயர்வு.

அந்த கேசட்டுகளில் பெரும்பாலானவற்றை எனக்குக் கொடுத்தவர், ஒரு காலத்தில் சேலம் குகைப் பகுதியில் வீடியோ லைப்ரரி நடத்திய பெரியவர். நான் கடை தொடங்கியபோது, எடைக்குப் போட இருந்ததை என்னிடம் தள்ளிவிட்டவர். தண்ணீர் புகுந்த செய்தி கேட்டு, வீட்டுப் பரணில் மிச்சம் வைத்திருந்த காலி உறைகளையும் கொண்டுவந்து கொடுத்தார். "உன்கிட்ட இருந்தா நாலு பேர் கண்ணுலயாவது படும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

சிக்கலானது சினிமா ஸ்டில் போட்டோக்கள். கட்டு முழுக்க நனைந்து, பின்னால் எழுதியிருந்த படப்பெயர்கள் அழிந்துவிட்டன. ஏற்காடு ரோட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர் தாத்தா வந்து உட்கார்ந்தார். 1935-ல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தினமும் பார்த்து வளர்ந்தவர். உள்ளூரில் அந்த ஸ்டுடியோ என்றால் 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் 1956-ல் கலரில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் என்னிடம் கேட்பது வேறொன்று. அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்து 1952-ல் வெளியான 'தி ஜங்கிள்'. வில்லியம் பெர்க் இயக்கம். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி விண்ட்சர் நடிப்பு. கதைப்படி, காட்டில் யானைகள் மிரண்டு ஓடுவதற்கு, அழிந்துபோன மாமத் யானைகள் காரணமாம். அந்த மாமத் எல்லாம் நம்ம ஊர் யானைக்கு முடியைப் போர்த்திவிட்டது. நல்ல படம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த முடி போர்த்திய யானைகளுக்காகவே தேடி வாங்குகிறவர்கள் உண்டு. நனைந்த கட்டிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து, "இது அந்த முடி யானைப் படம்" என்று தாத்தா சொன்ன வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். பாதிக்கு மேல் படப்பெயர்கள் அவர் நினைவிலிருந்துதான் திரும்பி வந்தன.

வாடிக்கையாளர்களான உங்களுக்கும் வருகிறேன். எல்லாவற்றையும் காப்பாற்ற நேரம் இல்லை, எதை விடலாம் என்று கேட்டபோது பட்டியல் போட்டுக் கொடுத்தீர்கள். ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய பிணப்பேய்ப் படம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' மட்டும் ஒரு பெட்டி நிறைய இருந்தது. 1968-ல் விநியோகஸ்தர் படத்தின் தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போனதால், அமெரிக்காவில் அது பொதுச்சொத்தாகி, ஆளாளுக்கு மங்கலான பிரதியை டிஸ்க்காகப் போட்டுத் தள்ளினார்கள். அவற்றை விட்டுவிடுங்கள், 2016-ல் மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த பிரதியின் டிஸ்க்கை மட்டும் தேடுங்கள் என்று சொன்ன மதுரைக்காரருக்கு நன்றி. பெட்டியில் பெரும்பகுதி குப்பைக்குப் போனது, மனசும் லேசானது.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஒருவர், ஐரோப்பிய டிவிடி ஒன்றில் நான்கு நிமிடம் வெட்டியிருக்கிறது, ஈரமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டேன் என்று கோபப்பட்டார். நான் பதில் எழுதும் முன்பே திருச்சி நண்பர் ஒருவர் அவருக்குப் பொறுமையாக விளக்கிவிட்டார். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படம், ஐரோப்பிய டிவி முறையான பால் (PAL) முறை டிவிடியில் நொடிக்கு 25 ஃபிரேமாக ஓடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். வெட்டு எதுவும் இல்லை. இப்போது இருவரும் ஒருவருக்கொருவர் டிஸ்க் அனுப்பிக்கொள்கிறார்கள், எனக்குக் கமிஷன் கிடையாது.

முன்பணம் கட்டியவர்களில் சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அது நியாயம், கொடுத்துவிட்டேன். பலர் கேட்கவில்லை. அது என்னை இந்தத் தொழிலிலேயே நிறுத்தி வைத்தது. ஒரு தனியார் கூரியரில் அந்த நேரம் பார்த்து இரண்டு பார்சல் காணாமல் போனதும் நடந்தது, அதைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது. தபால் ஆபீஸ் கவுண்டரில் இருக்கும் மேடத்துக்கு நன்றி. பார்சலை எறியாமல் வாங்கி வைக்கிற ஒரே கை அவருடையது.

புது வீட்டுக்காரர் அட்வான்ஸைத் தவணையில் வாங்கிக்கொண்டார். பேய் போஸ்டர் எதுவும் அவருடைய பூஜை அறையைப் பார்த்த மாதிரி மாட்டக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மீறவில்லை. அம்மா தட்டுவடை செட் செய்து எத்தனை பேருக்குக் கொடுத்தாள் என்று கணக்கில்லை. இன்றுவரை என் கடையில் ஒரு படம் கூட அவள் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லையாம்.

கடைசியாக ஒரு விஷயம். காகிதம் பிரிக்க ஆளாளுக்குக் கொண்டுவந்த பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஓரத்தில் 'கா.மு. இல்லத் திருமணம்' என்று பொறித்திருக்கிறது. யாருடையதென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், உடையவர் கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளட்டும். காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன், ஞாயிறு விடுமுறை.