திரையைப் படமெடுக்க எளிய கருவியே போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி, கைபேசி தொடர்பான செய்முறைக் கட்டுரைகளைத் தமிழில் எழுதுவோர் இன்று பெருகியிருக்கிறார்கள். தங்கள் நாளிதழும் அத்தகைய கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அவற்றைப் படித்துச் செய்துபார்க்கும் வாசகர் என்ற முறையில், கட்டுரையோடு சேர்க்கப்படும் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பற்றி ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். திரையில் தேவையான பகுதியை மட்டும், எடுக்கும்போதே அளவாக எடுத்துச் சேர்க்கும் பழக்கம் எழுதுவோரிடம் வேரூன்ற வேண்டும். அதற்கு விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. கணினியோடு வரும் எளிய கருவியே போதும்.

'மேல் வலது மூலையில் உள்ள குறியை அழுத்தவும்' என்று எழுதுபவருக்கு அந்தக் குறி எது என்பதில் ஐயமே இருக்காது. ஆனால் படிப்பவர் திரையில் அதே மூலையில் மூன்று புள்ளிகள் ஒன்றும், மூன்று கோடுகள் ஒன்றும், பற்சக்கரம் ஒன்றும் அடுத்தடுத்து நிற்கும்போது, எதை அழுத்துவது என்று தெரியாமல் அவர் அங்கேயே நின்றுவிடுகிறார். அந்த மூலையை மட்டும் காட்டும் சிறு படம் ஒரு பத்தி விளக்கத்தை மிச்சப்படுத்தும். நடைமுறையில் காண்பதோ வேறு. முழுத் திரையையும் எடுத்துக் கட்டுரையின் அகலத்துக்குச் சுருக்கிவிடுவதால், எழுத்துகள் எறும்புச் சாரைபோலத் தெரிகின்றன. சிலர் கணினித் திரையைக் கைபேசியால் படமெடுத்துச் சேர்க்கிறார்கள். அதில் அலையலையான பட்டைகளும் விளக்கின் பிரதிபலிப்பும்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே பிரின்ட் ஸ்கிரீன் விசை இருந்தது. ஷிஃப்ட் விசையுடன் அதை அழுத்தினால் திரையிலிருந்த எழுத்துகள் நேரே அச்சுப்பொறிக்குப் போயின. இன்று விண்டோஸில் விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரை சற்று மங்கி, சுட்டி கூட்டல் குறியாக மாறுகிறது. வேண்டிய இடத்தைச் சுற்றி இழுத்துவிட்டால் அந்தப் பகுதி மட்டும் கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்ததைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் இடத்தில், வந்து நிற்கிறது; எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தில் அப்படியே ஒட்டிவிடலாம். மேக் கணினியில் கமாண்ட், ஷிஃப்ட், 4 ஆகியவை இதே வேலையைச் செய்து படத்தைக் கோப்பாகச் சேமித்துவிடுகின்றன. லினக்ஸில் இயங்கும் ஃப்ளேம்ஷாட் என்ற திரைப்படமெடுப்புக் கருவி, எடுத்த இடத்திலேயே அம்புக்குறியும் கட்டமும் வரையவும் வசதி தருகிறது. அம்புக்குறி ஒன்று போதும் என்பது என் கருத்து. நான்கு நிறங்களில் வட்டமிட்ட படத்தில் எதைப் பார்ப்பது என்று புரிவதில்லை.

எடுக்கும்போதே அளவாக எடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு வலுவான காரணம் உண்டு. முழுத் திரையில் எழுதுபவரின் மின்னஞ்சல் முகவரியும், திறந்து கிடக்கும் மற்ற பக்கங்களின் தலைப்புகளும், ஓரத்தில் எட்டிப்பார்க்கும் குறுஞ்செய்தியும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் முழுப் பாதுகாப்பல்ல. கூகுள் பிக்சல் கைபேசிகளின் படத்திருத்தியிலும் விண்டோஸ் 11-இல் திரையைப் படமெடுக்க உதவும் ஸ்னிப்பிங் டூலிலும் இருந்த ஒரு குறை 2023 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மீதே சேமித்தபோது, புதிய படம் சிறியதாக இருந்ததால் பழைய கோப்பின் வால்பகுதி அழியாமல் அதற்குள்ளேயே தங்கிவிட்டது; அதைக் கொண்டு வெட்டி நீக்கிய பகுதியை ஓரளவு மீட்டெடுக்கவும் முடிந்தது. இரு நிறுவனங்களும் குறையைச் சரிசெய்துவிட்டன; ஆயினும் அதற்கு முன் வெட்டிச் சேமித்துப் பிறருக்குப் பகிர்ந்த கோப்புகளை அந்தத் திருத்தம் மாற்றிவிடாது. திரையில் இருக்கும் ஒன்றை மறைத்தே ஆக வேண்டுமென்றால், மங்கலாக்கும் வசதியை நம்பாமல், ஒளி ஊடுருவாத கறுப்புக் கட்டத்தால் முழுமையாக மூடுவதே முறை. மங்கலாக்கிய எண்களையும் எழுத்துகளையும் கணித்துவிடும் வழிகள் இருக்கின்றன.

சேமிக்கும் வடிவத்திலும் கவனம் வேண்டும். ஜேபெக் என்ற கோப்பு வடிவம் ஒளிப்படங்களுக்கு உகந்தது. அது படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், எழுத்தின் கூர்மையான விளிம்புகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோன்ற கறை தோன்றுகிறது. தமிழில் இதன் பாதிப்பு அதிகம், மெய்யெழுத்தின் தலையிலுள்ள சிறிய புள்ளிதான் முதலில் கரைந்துபோகிறது. 1996-இல் வெளியான பிஎன்ஜி வடிவம் எதையும் இழக்காமல் சுருக்குவது. திரையை எடுத்த படத்துக்கு அதுவே ஏற்றது. அரட்டைச் செயலிகள் வழியாகப் படத்தை அனுப்பினால் அவை பெரும்பாலும் மீண்டும் சுருக்கிவிடும் என்பதால், கோப்பாக இணைத்து அனுப்புவது நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகும், படம் எழுத்துக்குத் துணையாகுமே தவிர மாற்றாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளையையும் இணைய முகவரியையும் படத்தில் மட்டும் காட்டினால், வாசகர் அதைப் பிரதியெடுத்து ஒட்ட முடியாது. தேடுபொறியிலும் அது சரிவர அகப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களைக் கொண்டு படிக்கும் பார்வையற்ற வாசகருக்கு அந்த இடம் வெறுமையாகவே போய்விடுகிறது. படங்களுக்கு ஈடான உரை வேண்டும் என்பதையும், எழுத்தைப் படமாக்குவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பதையும் 2008-இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் 2.0 பதிப்பு தெளிவாகவே கூறுகிறது. படத்துக்கு ஈடாக எழுதிச் சேர்க்கும் இந்த விளக்கத்தை மாற்று உரை என்பார்கள். 'ஸ்கிரீன்ஷாட் 3' என்பது மாற்று உரையாகாது. 'அமைப்புகள் பக்கத்தில் மொழி என்ற தெரிவு இரண்டாவதாக உள்ளது' என்பதே படிப்பவருக்குப் பயன்படும்.

ஆகவே, தங்கள் நாளிதழின் இணையப் பதிப்பில் வரும் செய்முறைக் கட்டுரைகளின் படங்களுக்கு இத்தகைய மாற்று உரையைச் சேர்க்கவும், கட்டளைகளையும் முகவரிகளையும் கட்டுரையின் உரையிலேயே தரவும், கட்டுரை அனுப்புவோரிடம் அளவாக எடுத்த பிஎன்ஜி கோப்புகளைக் கேட்டுப் பெறவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்