ஹாகனோடு ஓர் ஆண்டு: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு தலைப்பு என்று தாவுவதை விட்டு, ஆண்டு முழுவதும் ஒரே ஆளைப் பற்றிப் படிக்கலாம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். டார்வின், வாலஸ் என்று பெயர்கள் வந்தன. கடைசியில் நம்மில் பலர் அதுவரை கேள்விப்படாத பூச்சியியல் அறிஞர் ஹெர்மன் ஆகஸ்ட் ஹாகனை எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் ஒன்றுதான். ஐம்பது வயது வரை அவருக்குப் பூச்சி பார்ப்பது சம்பளத்துக்கான வேலை இல்லை. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் தட்டான்களைப் பார்த்தவர் அவர். பள்ளிக்கூடமும் கடையும் போக மிச்ச நேரத்தில் பூச்சி பார்க்கக் கண்மாய்க் கரையில் நிற்கும் நமக்கு அவர் நெருக்கமானவராகத் தெரிந்தார்.

1817-இல் பிரஷ்யா என்ற பழைய ஜெர்மானிய நாட்டின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அது ரஷ்யாவிடம் உள்ள கலினின்கிராட். தாத்தா கார்ல் காட்ஃப்ரீட் ஹாகன் மருந்துக்கடை நடத்தியவர், வேதியியல் ஆசிரியர், தத்துவ அறிஞர் கான்ட்டின் நண்பர். வானியல் அறிஞர் பெஸல் இந்த வீட்டு மாப்பிள்ளை. படிப்பு புழங்கிய வீடு. 1839-இல் பேராசிரியர் ராட்கேயுடன் நார்வே, ஸ்வீடன், டென்மார்க் என்று போய், அங்கிருந்த பூச்சிச் சேகரிப்புகளையும் நூலகங்களையும் பார்த்து வந்தார். அடுத்த ஆண்டு மருத்துவப் பட்டத்துக்காக அவர் கொடுத்த ஆய்வேடு நோயைப் பற்றியது இல்லை, ஐரோப்பியத் தட்டான்களின் பெயர்க் குழப்பத்தைப் பற்றியது!

இதை விளக்க நம் மார்கழிக் கூட்டத்தில் ஒரு சின்ன சோதனை செய்தோம். ஒரு படத்தைக் காட்டி, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். தட்டான், தும்பி, தட்டாரப்பூச்சி என்று மூன்று பதில்கள் வந்தன. அறிவியல் பெயர்களிலும் அன்று இதே நிலைமைதான். ஒரே பூச்சிக்கு ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒரு லத்தீன் பெயர் வைத்திருந்தார்கள். எது முதலில் வைத்தது, எது இரண்டாம் முறை வைத்தது என்று பார்த்து ஒழுங்கு செய்யும் வேலையை இருபத்து மூன்று வயதில் தொடங்கினார் ஹாகன்.

பிறகு பெர்லின், வியன்னா, பாரிஸ் நகரங்களில் மருத்துவம் படித்து, 1843-இல் ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். நகர மன்றத்தில் துணைத் தலைவராகவும் நான்கு ஆண்டுகள் இருந்தார். இத்தனைக்கும் நடுவில், பெல்ஜியத்துத் தட்டான் ஆய்வாளர் செலிஸ் லாங்ஷாமுடன் சேர்ந்து தட்டான் வகைகளைப் பற்றிப் பெரிய நூல்களை எழுதினார். அவர்கள் காலத்தில் தட்டான், கறையான், குழியானை எல்லாம் நரம்பிறகிகள், அதாவது இறக்கையில் நரம்பு வலை உள்ள பூச்சிகள், என்ற ஒரே வரிசையில் இருந்தன. இன்று பிரித்துவிட்டார்கள். அப்போதோ அந்த வரிசை முழுவதையும் கையாளத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே சிலர்தான். கோயில் மண்ணில் நம் பிள்ளைகள் குச்சியால் கிளறுகிற குழியானைகளைப் பற்றியும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார்.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. இலங்கையில் ரம்பொடையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த நீட்னர் என்ற ஜெர்மானியர் பிடித்து அனுப்பிய பூச்சிகளைக் கொண்டு, 1858, 1859 ஆண்டுகளில் இலங்கையின் நரம்பிறகிகளைப் பற்றி ஹாகன் வியன்னா இதழில் எழுதினார். ஹீலியோகாம்ஃபஸ் நீட்னெரி என்ற தட்டானுக்கு அந்தத் தோட்டக்காரரின் பெயரை வைத்தவரும் அவர்தான். ஹாகன் இலங்கையைப் பார்த்து எழுதவில்லை, காய்ந்து பெட்டியில் வந்ததைப் பார்த்து எழுதினார். அதனால்தான் இறக்கை அவருக்கு அவ்வளவு முக்கியம். உடல் நிறம் காய்ந்ததும் போய்விடும், இறக்கை நரம்பு போகாது. நம் கூட்டத்தில் செத்துக் கிடந்த தட்டான் ஒன்றின் இறக்கையை வெள்ளைத் தாளில் வைத்து லென்ஸ் வழியே பார்த்தோம். நுனிப்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு, நடுவில் முடிச்சு மாதிரி ஒரு குறுக்கு நரம்பு, அப்புறம் கட்டம் கட்டமாக வலை. முடிச்சுக்கு முன்னால் எத்தனை குறுக்கு நரம்பு என்று எண்ணிச் சொல்லச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைதான் சரியாக எண்ணியது.

இனி அலமாரி விஷயம். ஐப்பசி மழைக்குப் பிறகு நம் அறையின் கீழ்த்தட்டைத் திறந்தபோது, சுவரோரம் விரல் தடிமனில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. பழைய குறிப்பேடுகளின் அட்டை பார்க்க முழுதாக இருந்தது. தூக்கினால் உள்ளே தாள் இல்லை, ஈர மண்ணும் வெள்ளைக் கறையானும்தான். நான்கு ஆண்டுப் பதிவுகள் போயின. வேறு படி எடுத்து வைக்காதது என் தவறு, இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரம்தான் ஹாகனின் கறையான் பகுதிக்கு வந்திருந்தோம். தம் ஊரில் கறையானே இல்லாத அந்த மனிதர், 1855 முதல் 1860 வரை கறையான்களைப் பற்றி ஒரு முழு ஆய்வை வெளியிட்டார். அமெரிக்கக் கறையான் ஒன்று வியன்னாவின் ஷான்புருன் அரண்மனைச் செடிவீட்டில் புகுந்து, அங்கேதான் 1837-இல் முதலில் அறிவியல் பெயர் பெற்றது. நம் சுவரில் கண்ட மண்கோடு போலக் கறையான் மண்குழாய் கட்டுவது வெயிலும் காற்றும் பட்டால் அதன் மெல்லிய உடல் காய்ந்துவிடும் என்பதால்தான். அமெரிக்கா போன பிறகு 1876-இல் கறையான் ஆபத்தைப் பற்றி எச்சரித்து எழுதினார். நூலகங்களை அழிக்கும் பூச்சிகளைப் பற்றி 1879-இல் நூலகர்களுக்காகவும் எழுதினார். செல்லரித்த ஏடு என்ற சொல்லைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு அவர் கவலை புரியாமல் போகாது.

அவருடைய மிகப் பெரிய வேலை என்று நான் கருதுவது வேறு. 1862, 1863 ஆண்டுகளில் லைப்சிக் நகரில் இரண்டு தொகுதிகளாக வந்த பிப்லியோதேகா எண்டமாலஜிகா. அதில் புதிய பூச்சி எதுவும் இல்லை. பூச்சிகளைப் பற்றி அதுவரை உலகத்தில் அச்சான எழுத்துகளை, எழுதியவர் பெயர் வரிசையில் திரட்டித் தந்த பட்டியல் அது. ஒரு வைத்தியர் தம் ஊரில் இருந்துகொண்டு செய்த வேலை. 1928-இல் ஹார்ன், ஷெங்க்லிங் என்ற பூச்சியியலாளர்கள் அதே காலத்துக்கான புதிய பட்டியலைக் கொண்டுவந்தபோது ஹாகனின் பட்டியலைத்தான் அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். பெயர் குழம்பாமல் இருக்க வேண்டும் என்றால், முன்னால் எழுதியவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரிய வேண்டும். இருபத்து மூன்று வயதில் பிடித்த இழையை அவர் விடவே இல்லை.

அமெரிக்காவுக்குப் போகும் முன்பே, 1861-இல், அந்தக் கண்டத்து நரம்பிறகிகளைப் பற்றி அவர் எழுதிய நூலை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அறிவியல் நிறுவனம் வெளியிட்டது. 1867-இல் விலங்கியல் அறிஞர் லூயி அகாசி அழைத்து, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில் பொறுப்பேற்றார். 1870-இல் அங்கே பூச்சியியல் பேராசிரியர் ஆனார். அமெரிக்காவில் அந்தப் பதவியில் அமர்ந்த முதல் ஆள் அவர். பூச்சியைக் குத்தி வைப்பதோடு நிற்காமல் அதன் முட்டை, புழு, கூடு, அது கடித்த இலை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சேகரிப்பு உண்டாக்கினார். 1872 கோடையில் அவரிடம் படிக்க வந்த காம்ஸ்டாக் பின்னாளில் கார்னல் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் துறையையே கட்டி எழுப்பியவர்.

ஹாகன் தவறு செய்தும் இருக்கிறார். ரொட்டிக்கும் பீருக்கும் போடும் ஈஸ்ட்டைக் கரைத்துத் தெளித்தால் பயிர்ப் பூச்சிகள் நோய் வந்து சாகும் என்று 1879-இல் எழுதினார். மற்றவர்கள் தெளித்துப் பார்த்ததில் அது நிலைக்கவில்லை. ஆனால் பூச்சிக்கு நோய் கொடுத்து அடக்கலாம் என்ற எண்ணம் பிற்காலத்தில் வேறு பூஞ்சைகளால் பலித்தது. அவர் 1893-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் காலமானார். வட அமெரிக்க ஊசித்தட்டான் ஒன்று எனலாக்மா ஹாகெனி என்று அவர் பெயரைச் சுமக்கிறது.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களைச் செயற்குழு முன்வைக்கிறது. குறிப்பேடுகளைச் சுவரை ஒட்டாத இரும்பு அலமாரிக்கு மாற்றுவது. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு படி வைத்து, ஒன்றை வேறு உறுப்பினர் வீட்டில் வைப்பது. நம் வட்டாரப் பூச்சிகளைப் பற்றி இதுவரை யார், எங்கே எழுதியிருந்தாலும், பள்ளி மலரில் வந்த அரைப் பக்கமானாலும், திரட்டி எழுதியவர் பெயர் வரிசையில் பட்டியலிடுவது. அழிந்த நான்கு ஆண்டுப் பதிவுகளில் யாரிடமாவது தேதியோடு ஒரு வரி எஞ்சியிருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் தரும்படி கேட்டுக்கொண்டு, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்